மின்மினியும் ஓந்தியும்

நாயையும் புறாவையும் இல்லத்தில் வைத்துப் பேணுதல் மக்களிடம் தொன்றுதொட்டு உள்ள வழக்கம். அமெரிக்கா முதலிய நாடுகளில் ஓந்தி, பல்லி, தவளை, தேரை ஆகியவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளில் இட்டு அன்புடன் வளர்ப்போர் பலர் உளர். நம் நாட்டிலோ உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற காட்டுயிர்களை வீட்டில் வைத்திருத்தல் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இவ்வுயிர்களுக்கு இரையளித்தல் எளிய செயலன்று. நாய்க்குச் சோறிட்டுவிட்டு அப்பால் செல்லலாம்; தவளைக்கு அவ்வாறு செய்தல் இயலாது. அசைவதே தவளைக்கு இரை. உயிரற்ற ஈக்கள் நாற்புறமும் நிறைந்து கிடப்பினும் அவற்றை உணவென்று உணராமல் அது பட்டினி கிடக்கும். தவளையின் கண் அதன் மூளைக்கு உணர்த்துவன யாவை என ஆராய்ந்த ஜெரோம் லெட்வின் முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1959 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எடுத்துரைத்தனர்.

ஆதலின், வளர்ப்போர் உயிருள்ள பூச்சிகளைத் தேடுவாராயினர். சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் நாள்தோறும் அவற்றையே அளிப்பதில் ஒரு குறை உண்டு. சுவர்க்கோழியின் உடலில் சுண்ணச்சத்து மிகக் குறைவு. சுண்ணப்பொடி தூவாமல் அதனையே ஊட்டி வளர்த்தால் ஓந்தியின் எலும்புகள் வலுவிழந்து வளைந்துவிடும். பலவகை இரை கிடைத்தல் நன்று என்னும் எண்ணமும், தோட்டத்துப் பூச்சிக்கு விலையில்லை என்னும் நினைவும் வளர்ப்போரைத் தோட்டத்திற்கு இட்டுச் சென்றன. எண்ணம் நல்லதே, ஆனால் அதில் ஓர் இடர் மறைந்திருந்தது.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழ்வது தாடி ஓந்தி. நம் வேலிகளில் ஏறித் தலையசைக்கும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் தாடையின்கீழ் முள்போன்ற செதில்கள் அடர்ந்திருக்கும். சினங்கொண்டால் அப்பகுதி உப்பிக் கருக்கும். தோற்றம் அச்சந்தருவதாயினும் மனிதரோடு எளிதிற் பழகும் இயல்பினது. அதனால் அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் இஃது இடம்பெற்றது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், கோடைக்கால மாலைப்பொழுதுகளில், போட்டினஸ் என்னும் வகை மின்மினிகள் புல்வெளிகளின்மேல் ஒளிவிட்டுத் திரியும். தாழப் பறக்கும் அவற்றைப் பிடித்தல் சிறுவர்க்கும் எளிது. அவ்வாறு பிடித்ததை வளர்ப்பு ஓந்திக்கு இட்டோர் பெருந்துயர் அடைந்தனர். இரையை விழுங்கிய ஓந்தி சிறிது நேரத்தில் தலையை உதறியது, வாயை அகலத் திறந்தது, மூச்சுத் திணறியது, உடல் நிறம் கருத்தது, பின்னர் மடிந்தது. ஒரே ஒரு மின்மினி ஓர் ஓந்தியைக் கொல்லப் போதியதாயிற்று! கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் ஐஸ்னரும் அவருடன் ஆராய்ந்தோரும் இச்செய்தியை 1999 ஆம் ஆண்டில் வெளியிட்டு, வளர்ப்போரை எச்சரித்தனர்.

அந்நஞ்சு யாது? 1978 ஆம் ஆண்டிலேயே ஐஸ்னர் குழுவினர் அதனைக் கண்டறிந்து லூசிபுபாஜின் எனப் பெயரிட்டிருந்தனர். ஒளியைக் குறிக்கும் சொல்லும் தேரையைக் குறிக்கும் சொல்லும் அப்பெயருள் இணைந்துள்ளன. தேரையின் தோலில் ஊறும் நஞ்சுக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் நெஞ்சத் துடிப்பைக் கெடுப்பன. நிலத்தில் தத்தித் திரியும் தேரைக்கும் வானில் ஒளிவிடும் சிறு வண்டுக்கும் படைக்கலம் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்தது வியப்பன்றோ?

மின்மினி உலவும் நாட்டுப் பறவைகள் சில அதனைக் கொத்தினாலும் உண்ணாமல் விட்டுவிடும். ஓந்தி மட்டும் ஏன் விழுங்கியது? வேறொரு சோதனை இதற்கு விடைகாண உதவும். லிங்கன் பிரௌவரும் ஜேன் பிரௌவரும் தேரைகளுக்கு மயிரடர்ந்த பெருந்தேனீக்களை இரையாக இட்டுப் பார்த்து, தாம் கண்டவற்றை 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொட்டுப்பட்ட தேரை அதன்பின் தேனீயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தேனீயின் தோற்றமுடைய ஓர் ஈயையும் தீண்ட மறுத்தது. கொட்டு வலித்தது, ஆயினும் தேரை உயிருடன் இருந்தது, கற்றது. மின்மினியை விழுங்கிய ஓந்திக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. போட்டினஸ் மின்மினி அதன் முன்னோர் வாழ்ந்த நிலத்திற்கு உரியதன்று. கண்ணாடிச் சுவருக்குள் அசைந்து வந்தது எதுவோ அதனை அது இரையென்றே கொண்டது. அறிந்து தெரிந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் ஊட்டிய கையினிடத்தே இருந்தது.

பூச்சிக்கு இயல்பாக உள்ள நஞ்சு இஃது. இரவலாகப் பெற்ற நஞ்சும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில், எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க 1954 ஆம் ஆண்டு முதல் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தனர். இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளை மண்புழுக்கள் தின்றன. புழுக்களுட் பல மடியவில்லை. நஞ்சு அவற்றின் உடலில் சேர்ந்து தங்கியது. இளவேனிலில் ராபின் பறவைகள் அப்புழுக்களை உண்டு துடிதுடித்து வீழ்ந்தன. பெரிய மண்புழுக்கள் 11 இருந்தால் ஒரு பறவையின் உயிரைப் போக்கப் போதும் என்று கணக்கிட்டனர். ரேச்சல் கார்சன் 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இச்செய்தி உலகெங்கும் பரவியது. டி.டி.டி.யை அமெரிக்கா 1972 ஆம் ஆண்டில் விலக்கிவிட்டது. தோட்டங்களில் தெளிக்கும் மருந்துகள் வேறு பல இன்றும் உள்ளன. புழு உயிரோடு நெளிகிறது என்பது அது தூயது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே கருத்துடன் வளர்ப்போர், மருந்து தெளிக்கப்படாத நிலம் எனத் தாம் உறுதியாக அறிந்த இடத்தில் மட்டுமே இரை பிடிப்பர். சிலர் மண்புழுவையும் சுவர்க்கோழியையும் தம் வீட்டிலேயே பெட்டிகளில் பெருக்குவர். ஓந்தியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தினும் பெரிய இரையை இடுவதில்லை. மின்மினியையோ அறவே விலக்குவர். ஒளியைக் கண்டு அதனை அறிந்துகொள்ளலாம் என எண்ணுதல் கூடாது. பகலில் திரிந்து சிறிதும் ஒளிவிடாத மின்மினி இனங்களும் வட அமெரிக்காவில் உள்ளன. அவற்றுள் ஒன்றன் உடலிலும் அதே நஞ்சு காணப்பட்டுள்ளது.