அஞ்சற்பெட்டி இடம் மாறுகிறது

மின்னஞ்சற் பெட்டி ஒன்றை ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்கு மாற்றுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் சங்கத்தின் பெட்டியை இவ்வாண்டு மாற்ற நேர்ந்தது. பழைய வழங்கி ஓய்வு பெறுகிறது, குறித்த நாளுக்குப் பின் அதிலுள்ளவை அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து அதில் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு அழைத்த பேச்சாளர்களின் மறுமொழிகள், மண்டப வாடகைக் கணக்கு, புதிதாக வந்து தங்க இடம் தேடிய மாணவர் எழுதிய மடல்கள் எல்லாம் அங்கேதான் உள்ளன. இவற்றுக்கு வேறு படி கிடையாது. ஆகவே பணி எளிதாயினும் பிழை பொறுக்காத பணி. அடுத்து வரும் செயலாளர்களுக்கும் இது பயன்படும் என்று கருதி விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்து படிப்பதற்குக் கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிகள் இரண்டு உண்டு. ஒன்று பாப், அது வரவுப் பெட்டியை மட்டுமே அறியும். மற்றொன்று ஐமேப். இதனை 1986-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்தார். உறைகள், படித்தது படியாதது என்னும் அடையாளங்கள், மடல் வந்துசேர்ந்த நாள் ஆகிய அனைத்தையும் ஐமேப் அறியும். ஆதலின் மாற்றத்துக்கு ஏற்றது இதுவே. மடல் வந்த நாளைச் சேர்த்து எழுதாவிட்டால், 2004-ஆம் ஆண்டுக் கடிதமும் இன்று வந்தது போல வரிசையில் மேலே நின்றுவிடும்.

நான் பயன்படுத்திய மென்பொருள் ஐமேப்சிங்க். பிரான்சு நாட்டவரான ழில் லாமிரால் பெர்ல் மொழியில் எழுதியது. லினக்ஸ் கணிப்பொறிகளில் பெர்ல் பெரும்பாலும் முன்னரே இருக்கும். அதனோடு ஐமேப் பேசுவதற்கும் மறைகுறியாக்கத்துக்கும் வேண்டிய துணைத் தொகுதிகளைச் சீபேன் களஞ்சியத்திலிருந்து நிறுவ வேண்டும். நிறுவியதும் உடனே மடல்களை மாற்றத் தொடங்குதல் கூடாது. இரு வழங்கிகளிலும் 993 என்னும் வாயில் வழியாக நுழைய முடிகிறதா என்று மட்டும் பார்க்கும் கட்டளை உண்டு. அது தேறிய பின் 'டிரை' என்னும் ஒத்திகை. அதில் ஒரு மடலும் நகராது. எது எங்கே செல்லும் என்ற பட்டியல் மட்டும் வரும்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளை மற்றவரும் பார்க்கலாம். தனிக் கோப்பில் எழுதி, நாம் மட்டும் படிக்குமாறு பூட்டி, அக்கோப்பின் பெயரைக் கொடுப்பதே முறை. சில நிறுவனங்களில் வெறும் கடவுச்சொல் செல்லாது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் முதல் அவ்வழியை அடைக்கத் தொடங்கியது. அங்கே ஓஆத் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒத்திகைப் பட்டியலைப் படித்தபோதுதான் பணியின் சுவையான பகுதி தொடங்கியது. உறைகளின் பெயர்கள் சில புரியாத ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. ஐமேப் பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்தன்றி வேறொன்றும் உறைப்பெயரில் இடம்பெறவில்லை. பின்னர் யூடிஎஃப்-7 என்பதைத் திருத்தி, பிற எழுத்துகளை ரோமன் எழுத்தில் பொதிந்து எழுதும் முறை வந்தது. நம் 'பொங்கல்' உறையும் 'கணக்கு' உறையும் அவ்வேடத்தில்தான் இருந்தன. அவற்றை 'உடைந்த பெயர்' என்று எண்ணித் திருத்தலாகாது. மென்பொருள் அப்படியே எடுத்துச் செல்லும். படிக்கும் செயலி மீண்டும் தமிழாக்கிக் காட்டும். 2021-இல் வந்த ஐமேப் திருத்தப் பதிப்பு நேரடியாக யூடிஎஃப்-8 எழுத்தை ஏற்கிறது. ஆயினும் பழைய வழங்கிகள் பல இன்னும் பழைய வழக்கிலேயே உள்ளன.

மடல்களின் உள்ளேயும் இத்தகைய சிக்கல் உண்டு. யூனிகோட் பரவுமுன் தமிழ் எழுதியவர்கள் டிஸ்கி முதலிய குறியீடுகளைக் கையாண்டனர். தமிழக அரசு 1999-இல் டாப், டாம் என்னும் இரண்டை அறிவித்தது. அக்காலத்து மடல்களில் எந்தக் குறியீடு என்ற குறிப்பு பெரும்பாலும் இராது. இருந்தாலும் பொய்யாக இருக்கும். இன்று திறந்தால் கோடும் புள்ளியுமாய்த் தோன்றும். 'படிக்க முடியாத குப்பை, இதையும் ஏன் சுமக்க வேண்டும்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது குப்பையன்று. சங்கத்தைத் தொடங்கியவர்கள் எழுதிய தமிழ் அது. குறியீடு மாற்றி ஒன்றில் இட்டால் தெளிவாகப் படிக்கலாம். ஆனால் மாற்றத்தின்போதே திருத்த முற்படுதல் தவறு. மூலத்தை எழுத்துக்கு எழுத்து அவ்வாறே பெயர்த்துவிட்டு, படிகளில் திருத்தம் செய்துகொள்ளலாம்.

அடுத்து அளவு. இணைப்புகள் மடலில் பேஸ்-64 என்னும் உருவில் செல்கின்றன. மூன்று பைட்டு நான்காகும். எனவே 24 மெகாபைட் படம் 32 ஆகப் பருக்கும். புதிய வழங்கியின் வரம்பு 25 என்றால் அம்மடல் திருப்பப்படும். ஓடிய குறிப்பேட்டைப் பார்த்து, அத்தகையவற்றைத் தனியே இறக்கி வைத்தேன்.

முகவரி மாறாமல் பெட்டி மட்டும் மாறும்போது, மடல் எவ்வழங்கிக்குச் செல்ல வேண்டும் என்று உலகுக்குச் சொல்வது எம்எக்ஸ் பதிவு. அது மற்ற வழங்கிகளின் நினைவில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதும் அதிலேயே குறிக்கப்படும். 86,400 நொடி, அஃதாவது ஒரு முழு நாள், என்றிருந்ததை முன்னதாகவே 300 ஆகக் குறைக்குமாறு கணிப்பொறி மையத்தாரைக் கேட்டுக்கொண்டோம். முதல் ஓட்டத்தில் பழையன அனைத்தும் சென்றன. பின் பதிவை மாற்றினர். இடையில் பழைய பெட்டிக்கு வந்தவற்றை இரண்டாம் ஓட்டம் எடுத்துச் சென்றது. முன்பே சென்ற மடல்களை ஐமேப்சிங்க் தலைப்பு வரிகளைக் கொண்டு அடையாளம் காணும். ஆதலால் எத்தனை முறை ஓட்டினாலும் இரட்டிக்காது, மின்சாரம் போனாலும் கவலையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'டெலீட்2' என்றொரு விருப்பம் உண்டு. பழைய பெட்டியில் இல்லாதவற்றைப் புதியதிலிருந்து நீக்குவது அதன் தொழில். இரண்டையும் ஒன்றுபோலாக்கும் என்று மயங்கி, எம்எக்ஸ் மாறிய பின் அதைச் சேர்த்தால், புதிய பெட்டிக்கு நேரே வந்த மடல்கள் அனைத்தும் போய்விடும்.

முடிவில் உறைதோறும் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். இரு பக்கமும் சமமாக இராவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே உறையில் இரு முறை இருந்த மடலை மென்பொருள் ஒரு முறையே பெயர்க்கும். ஆனால் காரணம் தெரியாத வேறுபாடு ஒன்றுகூட இருத்தலாகாது. நம் 'வரைவு' உறையில் சில குறைந்தன. அனுப்பப்படாத வரைவுகளுக்கு அடையாளத் தலைப்பு இல்லாமையால் மென்பொருள் அவற்றை விட்டுவிட்டது. 'ஆட்ஹெடர்' என்னும் விருப்பத்தோடு மீண்டும் ஓட்டியதும் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று 2009-ஆம் ஆண்டு விழாவுக்கு எழுதத் தொடங்கி, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்பதோடு நின்றுபோன அழைப்பு.