எட்டாம் மாதக் குழந்தையும் முதல் நிமிடமும்

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பழங்கிரேக்கத்தில் இப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்தொகுதியில் எட்டாம் மாதக் குழந்தைக்கென்றே தனி நூல் உண்டு, அதுவும் இதையே கூறுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலையும் மூளையையும் முதிரச் செய்வதால், 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுள் 30ஆம் வாரத்ததைவிட 34ஆம் வாரத்தது பிழைக்கும் வாய்ப்பே மிகுதி. திருமண நாளிலிருந்து கணக்கிட்டு ‘ஏழாம் மாதம்’ என்று ஊருக்கு அறிவிக்கப்பட்ட கொழுகொழு குழந்தைகளும் இந்நம்பிக்கைக்குத் துணைநின்றிருக்கக் கூடும்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தபோது, அக்குழந்தைக்குக் குறையாயிருந்தது மாதக்கணக்கின் ராசியன்று. மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டண்ட் என்னும் பொருளே. இக்குறைபாட்டை மேரி எல்லன் ஏவரி 1959இலேயே கண்டறிந்திருந்தும், அப்பொருளை மருந்தாகச் செலுத்தி ஜப்பானின் புஜிவாரா பலன் கண்டது 1980இல்தான். இடையே 1972இல் லிக்கின்ஸ், ஹோவி என்னும் நியூசிலாந்து மருத்துவர்கள், பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் நுரையீரலை விரைந்து முதிர்விக்கும் என்று காட்டினர்.

பிறந்தும் அழாத குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் உயிர் வரும் என்பது திரைப்படங்கள் ஊட்டி வளர்த்த நம்பிக்கை. அதனால் காயம்தான் மிஞ்சும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நின்று மூச்சு பின்னர் அடங்குகிறது. பிறந்த குழந்தைக்கோ மூச்சு தடைபட்ட பின்னரே இதயம் தளர்கிறது. ஆகவே துடைத்து முதுகை மெல்லத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், முதல் நிமிடத்துக்குள் முகமூடியைப் பொருத்திக் காற்றை அளவாக அழுத்தி நுரையீரலுக்குள் செலுத்துவதே புத்துயிரூட்டலின் உயிர்நாடி. அது பலித்ததற்கு முதல் அடையாளம் அழுகையன்று, இதயத்துடிப்பு ஏறுவதே. காற்று சரிவர உட்சென்ற பின்னும் துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ எட்டாவிட்டால் மட்டுமே மார்பை அமுக்குவர். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் துடைப்பதுகூட இல்லை: மெல்லிய தோல் வழியே வெப்பம் விரைந்து வெளியேறுவதால், ஈரம் ஆறுமுன் கழுத்துவரை தூய பாலித்தீன் பையிலிட்டு, உடல்வெப்பத்தை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் காப்பர்.

குழந்தை நீலம் பாரித்திருந்தால் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினர். 1940களில் குறைமாதக் குழந்தைகள் பலர் விழித்திரை சிதைந்து பார்வை இழந்ததற்கு அந்தத் தாராளமே காரணம் என்பது 1950களின் ஆய்வுகளில் தெளிவாயிற்று. நலமாய்ப் பிறந்த குழந்தைக்கே முதல் நிமிடத்தில் இரத்த ஆக்சிஜன் நிறைவு 60 முதல் 65 விழுக்காடுதான். மிகவும் முந்திப் பிறந்தவர்களுக்கு எந்த அளவில் தொடங்குவது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அளந்து பார்த்தே கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டும் என்பதும் பழைய பழக்கமே. சற்றுத் தாமதித்து வெட்டினால் நஞ்சிலுள்ள இரத்தம் குழந்தையைச் சேர்வதால் குறைமாதக் குழந்தைகளின் இறப்பு குறைகிறது என்று 2023இல் வெளியான தொகுப்பாய்வு உறுதிசெய்தது.

எஞ்சுவது கண்ணாடிப் பெட்டி மீதான நம்பிக்கை. எடை குறைந்த குழந்தை இன்குபேட்டரில் நிலைப்பட்ட பிறகே தாயின் கைக்கு வர வேண்டும் என்று கருதப்பட்டதற்கு மாறாக, தில்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரையுள்ள குழந்தைகள் பிறந்த உடனேயே தாயின் மார்போடு தோலுறக் கிடத்தப்பட்டபோது, 28 நாட்களுக்குள் இறந்தோர் 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தனர். இதற்காக அம்மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்மார்களுக்கும் கட்டில் போட வேண்டியிருந்தது.