செந்நிற மக்களின் நாடு: ஓக்லகோமா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் பயிலும் நாம் பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியை அறிவோம், லிங்கனை அறிவோம், கலிபோர்னியாவின் தங்க வேட்டையையும் ஓரளவு அறிவோம். ஓக்லகோமா என்னும் மாநிலத்தைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் காண்பது அரிது. ஆயினும், ஒரு வல்லரசு தான் எழுதிக் கொடுத்த வாக்கை எவ்வாறு காத்தது, எவ்வாறு மீறியது என்பதை ஓரிடத்தில் வைத்துக் காண விரும்புவோர்க்கு இதைவிடப் பொருத்தமான மண் வேறில்லை என்பது என் துணிபு. அதனாலேயே இதனை எழுதப் புகுந்தேன்.

நாட்டின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 1,81,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இம்மாநிலம் அமைந்துள்ளது. தெற்கே டெக்சாசிலிருந்து அதனைப் பெரும்பாலும் பிரிப்பது செந்நீர் ஓடும் ரெட் ஆறு. வடக்கே கான்சாஸ், கிழக்கே ஆர்கன்சாசும் மிசூரியும். கிழக்கு எல்லையில் ஓசார்க், வாச்சிட்டா மலைக்காடுகள். அங்கு ஆண்டு மழை சில இடங்களில் 50 அங்குலத்தைத் தாண்டும். மேற்கே செல்லச் செல்ல மரங்கள் குறைந்து, புல்வெளியே கடலாக விரியும். மேற்குக் கோடியில் மழை 20 அங்குலத்துக்கும் குறைவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சற்றேறக்குறைய 40 இலட்சம். தலைநகர் ஓக்லகோமா நகரம். அடுத்த பெருநகர் டல்சா.

வரைபடத்தில் இம்மாநிலம் கைப்பிடியுள்ள வாணலி போலத் தோன்றும். அந்தக் கைப்பிடி எப்படி வந்தது? ஆற்றாலும் அன்று, மலையாலும் அன்று. அடிமை முறையால் வந்தது! 1820இல் செய்துகொண்ட மிசூரி உடன்பாட்டின்படி 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. அடிமை மாநிலமாகச் சேர்ந்த டெக்சாஸ், அம்முறையை இழக்க மனமின்றி, கோட்டுக்கு வடக்கேயிருந்த தன் நிலத்தை 1850இல் கைவிட்டது. 1854இல் கான்சாசின் தெற்கெல்லை 37ஆம் பாகையில் வகுக்கப்பட்டது. இடையில் 34 மைல் அகலமுள்ள ஒரு துண்டு நிலம் எவருக்கும் உரியதன்றி எஞ்சிற்று. சட்டமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. 1890 வரை அதற்கு 'யாருக்கும் இல்லாத நிலம்' என்றே பெயர் வழங்கிற்று.

இனி மக்களுக்கு வருவோம். செவ்விந்தியர் என்று நம் நூல்கள் குறிக்கும் பழங்குடியினருள் செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து இனத்தார் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, புளோரிடா முதலிய தென்கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். வேளாண்மையும் ஊராட்சியும் அறிந்தவர்கள். செரோக்கியருள் செகோயா என்பவர் வெள்ளித் தொழில் செய்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அவர் தனியொருவராய் முயன்று, 1821இல் தம் மொழிக்கு எழுத்து முறை ஒன்றை வகுத்து முடித்தார். நம் உயிர்மெய்யெழுத்துப் போல, ஓர் அசைக்கு ஓர் எழுத்து. இன்று வழங்குபவை 85. ஏழே ஆண்டுகளில், 1828இல், அவ்வெழுத்தில் செய்தித்தாள் வெளிவந்தது. எழுத்தறிவில்லாத ஒருவர் எழுத்தைப் படைத்த இந்நிகழ்ச்சியை, படையெடுப்புகளை விரிக்கும் நூல்கள் ஒரு வரியில் கடந்து செல்வது ஏனோ?

1830இல் குடியரசுத் தலைவர் ஜாக்சன் கையொப்பமிட்ட வெளியேற்றச் சட்டம் இம்மக்களை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்ப வழி செய்தது. 1832இல் தலைமை நீதிபதி மார்ஷல், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. படை வாசலில் வந்து நின்றது. 1838-39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் வெளியேற்றப்பட்டனர். நோயாலும் குளிராலும் பசியாலும் மாண்டோர் சுமார் 4,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு இதனைக் குறிக்கிறது. இவ்வினத்தாருள் செல்வர் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும், அவ்வடிமைகளும் அதே பாதையில் நடத்திச் செல்லப்பட்டனர் என்பதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகும்.

புதிய நிலம் என்றென்றும் அவர்களுக்கே உரியது என உடன்படிக்கைகள் கூறின. சாக்டா மொழியில் 'ஓக்லா' என்றால் மக்கள். 'ஹும்மா' என்றால் சிவப்பு. அவ்வினத் தலைவர் ஆலன் ரைட் 1866இல் முன்மொழிந்த பெயர் இது. அந்த 1866ஆம் ஆண்டிலேயே, உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் சேர்ந்ததைக் காட்டி, மேற்குப் பாதி நிலம் ஒப்பந்தத்தால் பறிக்கப்பட்டது.

எஞ்சியதும் நிலைக்கவில்லை. 1889 ஏப்ரல் 22, நண்பகல். ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் நிலம் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. எல்லைக் கோட்டில் சுமார் 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் காத்து நின்றனர். குறித்த நேரத்தில் ஓட்டம் தொடங்கிற்று. முந்தியவர்க்கு 160 ஏக்கர். காலையில் வெறும் புல்வெளியாயிருந்த ஓக்லகோமா நகரில் மாலைக்குள் சுமார் பதினாயிரம் பேர் கூடாரமடித்திருந்தனர். நேரம் வருமுன்னே திருட்டுத்தனமாய் நுழைந்து இடம் பிடித்தவர்களைச் 'சூனர்' என்று ஏசினர். அந்த வசைப்பெயரையே இன்று மாநிலமும் அதன் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளும் பெருமையோடு சூடிக்கொண்டிருப்பது விந்தை!

பழங்குடியினர் 1905இல் மஸ்கோகியில் மாநாடு கூட்டி, கிழக்குப் பகுதியைச் 'செகோயா' என்னும் தனி மாநிலமாக்க அரசியலமைப்பும் எழுதினர். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. இரு பகுதிகளும் இணைக்கப்பட்டு, 1907 நவம்பர் 16இல் ஓக்லகோமா 46ஆவது மாநிலமாயிற்று.

மண்ணுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. ஓசேஜ் இனத்தார் மட்டும் 1906இல் தம் கனிம உரிமையைப் பொதுவில் வைத்துக்கொண்டதால் பெருஞ்செல்வர் ஆயினர். அச்செல்வத்துக்காகவே 1920களில் அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். டல்சாவில் கறுப்பின மக்கள் செழித்து வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில் வெள்ளையர் கும்பல் கொளுத்திற்று. சுமார் 35 தெருத்தொகுதிகள் சாம்பலாயின. பல்லாண்டுக்காலம் பள்ளிப் பாடங்களில் இது இடம்பெறவே இல்லை. மாநில ஆணையத்தின் அறிக்கை வந்தது 2001இல்தான்.

1930களின் புழுதிப் புயல்களைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். முதல் உலகப்போரின்போது கோதுமை விலை ஏறவே, மேற்குப் புல்வெளி உழுது தள்ளப்பட்டது. புல்வேர் போனபின் மழையும் பொய்த்தது. மண் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14 'கருப்பு ஞாயிறு' எனப்பட்டது. அம்மாதமே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஸ்டைன்பெக் தம் 1939ஆம் ஆண்டு நாவலில் குடும்பம் புறப்படும் ஊராகக் காட்டிய சாலிசா, புழுதி மையத்தில் இல்லை. பசுமையான கிழக்கில் உள்ளது. செகோயா 1829இல் கட்டிய மரவீடு அவ்வூருக்கு அருகில்தான் இன்றும் காக்கப்படுகிறது.

சூறைக்காற்றைச் சொல்லாமல் இம்மாநிலத்தை முடிக்க இயலாது. மூர் என்ற ஒரே ஊர் 1999இலும் 2013இலும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. புயல் ஆய்வுக்குப் பேர்பெற்ற தேசிய ஆய்வகம் அருகிலுள்ள நார்மனில் இருக்கிறது. நிலநடுக்கமோ மனிதர் வரவழைத்தது. எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரை ஆழ்கிணறுகளில் செலுத்தியதால், முன்பு ஆண்டுக்கு ஓரிரண்டாயிருந்த 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் 2015இல் ஏறத்தாழ 900 ஆயின. கட்டுப்பாடு வந்தபின் தணிந்தன.

மீண்டும் அந்த உடன்படிக்கைக்கு வருகிறேன். 2020 ஜூலை 9 அன்று, மக்கர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பளித்தது. கிரீக் இனத்தாரின் ஒதுக்கீட்டு நிலத்தைக் காங்கிரஸ் வெளிப்படையாக ஒருபோதும் கலைக்கவில்லை. ஆகவே குற்றவியல் சட்டத்தின் நோக்கில் அது இன்றும் அவர்கள் நிலமே என்றார் நீதிபதி கார்சச். டல்சாவின் பெரும்பகுதியும் அதனுள் அடங்கும்! தனியார் வீடும் வயலும் கைமாறவில்லை. ஆனால் பழங்குடியினர் மீதான குற்ற வழக்குகளை நடத்தும் அதிகாரம் மாநிலத்திடமிருந்து மாறிற்று. மற்ற நான்கு இனத்தார்க்கும் மாநில நீதிமன்றம் இதனை விரிவாக்கியது. மாநில அரசு விடவில்லை. 2022 ஜூன் 29இல் வந்த மற்றொரு தீர்ப்பு, அந்நிலத்தில் பழங்குடியினர்க்கு எதிராகப் பிறர் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு. இம்முறை கார்சச் சிறுபான்மைப் பக்கம் நின்று மறுப்புரை எழுதினார்.