மெட்டபொலிக் சின்ட்ரோம்: நம்மில் எத்தனை பேருக்கு?

"சீனி கொஞ்சம் கூட, பிரஷரும் கொஞ்சம் கூட, ஆனால் மருந்து எடுக்கிற அளவுக்கு இல்லை." இப்படி நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் 'கொஞ்சங்கள்' ஒரே உடலில் ஒன்றுசேர்வதற்குத்தான் மெட்டபொலிக் சின்ட்ரோம் என்று பெயர். வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு சேரச்சேர, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அது வழி திறந்துவிடுகிறது.

பார்க்கப்படுவது ஐந்து அளவுகள்: வயிற்றுச் சுற்றளவு, இரத்த அழுத்தம் (130/85 அல்லது அதற்கு மேல்), வெறுவயிற்றுச் சீனி (5.6 அல்லது அதற்கு மேல். ஊரிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் இது 100 என்றிருக்கும்), டிரைகிளிசரைட் (1.7 அல்லது அதற்கு மேல்), 'நல்ல கொலஸ்ட்ரோல்' எனப்படும் எச்.டி.எல். குறைவு. இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் போதும்.

சென்னையில் டொக்டர் வி. மோகன் குழுவினர் 2,350 பேரைப் பரிசோதித்து 2007இல் வெளியிட்ட முடிவு சிந்திக்க வைப்பது. அமெரிக்க முறைப்படி சுமார் 18 வீதத்தினருக்கு இந்நிலை இருந்தது. சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் முறைப்படி சுமார் 26 வீதத்தினருக்கு. ஆட்கள் அதே ஆட்கள்தான், மாறியது அளவுகோல். இலங்கையில் 2005-06இல் நடந்த ஆய்விலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருந்தது. ஆனால் போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இங்கே ஆக்லாந்தில் 2002-03இல் 35 முதல் 74 வயதினரிடம் நடந்த ஆய்வில் மாவோரியரில் 32 வீதம், பசிபிக் தீவினரில் 39 வீதம், 'மற்றவர்களில்' 16 வீதம் என்று கண்டார்கள். 'மற்றவர்கள்' பெரும்பாலும் ஐரோப்பியர். அந்த 16ஐப் பார்த்து நாம் நிம்மதி அடைய முடியாது.

தெற்காசியருக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லையே வேறு. ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அமெரிக்க முறையில் ஆணுக்கு 102, பெண்ணுக்கு 88 வரை விட்டிருந்தார்கள். மெலிந்த கை கால், முன்னே சிறு தொந்தி என்பதுதானே நம்மவர் பலரின் தோற்றம்! காற்சட்டை அளவை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். பெல்ட் தொந்திக்குக் கீழே இறங்கிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். (சங்கக் கூட்டத்தில் வடை சாப்பிடுமுன் அளப்பது நல்லது.)

மற்ற நான்கையும் குடும்ப வைத்தியரிடம் பார்க்கலாம். இங்கு வெறுவயிற்றுச் சீனிக்குப் பதிலாகப் பெரும்பாலும் எச்.பி.ஏ.1சி பார்ப்பார்கள், 41 முதல் 49 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 50இலிருந்து நீரிழிவு. இதய, இரத்தக்குழாய்ப் பரிசோதனையைத் தெற்காசிய ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும் தொடங்கும்படி சுகாதார அமைச்சு 2018இல் வழிகாட்டியது. அபாயக் காரணிகள் ஏதுமில்லாத மற்றவர்களுக்கு அது 45, 55.

ஆகவே பாபகூராவில் உங்கள் கிளினிக்கில் உங்கள் இனம் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். படிவத்தில் 'இந்தியர்' என்ற கட்டம் உண்டு. இலங்கையர் 'வேறு' என்பதில் அடையாளமிட்டு, பக்கத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுத வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டவர்கள் நம்மில் பலர்.