பெரிய பிள்ளையாகும் முன்னே பேசுவோம்

மகளின் சாமத்தியச் சடங்கிற்கு மண்டபம் ஒழுங்கு செய்வதிலும், ஊரிலிருந்து சேலை எடுப்பிப்பதிலும் எமது ஒக்லாந்துக் குடும்பங்கள் காட்டும் அக்கறை சிறிதல்ல. அதில் ஒரு பங்கையாவது, அந்த நாள் வருமுன் அவளோடு பேசுவதில் காட்டுகிறோமா? ஒன்றும் அறியாத பிள்ளை பாடசாலைக் கழிப்பறையில் முதன்முதலாக இரத்தத்தைக் கண்டால், தனக்கு ஏதோ நோய் என்றுதான் பயப்படுவாள்.

உடல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம். ஆகவே 9, 10 வயதிலேயே சொல்லத் தொடங்குவது நல்லது. கரு தங்கினால் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. தங்காதபோது அதுவே இரத்தத்துடன் வெளியேறுகிறது. இவ்வளவுதான் விடயம். தொடக்க ஆண்டுகளில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம்.

"கெட்ட இரத்தம்" என்று அம்மம்மாமார் சொன்னது சரியல்ல. அந்நாட்களில் கோயிலுக்கு வராதிருப்பது பல வீடுகளின் வழக்கம். அது அவரவர் முடிவு. ஆனால் 'அசுத்தம்' என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் போடவேண்டாம். மூலஸ்தானத்தையே கருவறை என்பவர்கள் நாம். மாவோரி மக்களும் கருப்பையை 'ஃபரே டங்கட்டா', அதாவது மனிதகுலத்தின் வீடு என்கிறார்கள். 2021 ஜூனில் இந்நாட்டுப் பாடசாலைகளில் இலவசமாகப் பாட் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதன் பெயரிலேயே இச்சொல்லைச் சேர்த்தார்கள். கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டால் தாங்கத்தான் வேணும்" என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். சிறு வலி இயல்பானது, சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தால் ஆறும். ஆனால் பாடசாலைக்குப் போகமுடியாத வலி, ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை பாட் முழுதும் நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, 15 வயதாகியும் வராமலிருப்பது, இவற்றில் எதுவாயினும் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். 14 வயதிற்குக் குறைந்தவர்களிடம் பெரும்பாலான வைத்தியர்கள் கட்டணம் வாங்குவதில்லை.

சடங்கின்போது உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று உடம்பைத் தேற்றியதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கவனிப்பு சில நாட்களோடு நின்றுவிடுகிறது. இரத்தம் போவதோ மாதந்தோறும். சைவ உணவு மட்டும் உண்ணும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைந்து களைப்பு வரலாம். கீரை, பருப்பு, கடலையோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். எமது வீடுகளில் இது பெரிய குறை.

7ஆம், 8ஆம் ஆண்டுக் காலத்தில் எச்.பி.வி. தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவம் வரும். "சின்னப் பிள்ளைக்கு இதேன்?" என்று ஒதுக்கவேண்டாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமி தொற்றுமுன் போட்டால்தான் நல்ல பலன். 2008இல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கிய இந்த இலவச ஊசி, 2017 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு.

அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. அம்மா வேலைக்குப் போன நாளில்தான் பாடசாலையிலிருந்து அழைப்பு வரும். பாட் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று அறிந்து வைத்திருங்கள்.