மண்ணுக்கடியில் நகரும் மாசு: நிலத்தடி நீர்ப் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

நீர் மாசு பற்றிய பாடத்தில் ஆறும் ஏரியும் எளிதில் புரிந்துவிடுகின்றன. நிலத்தடி நீர் கண்ணில் படாததால் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. கலசப்பாக்கம் போன்ற ஊர்களில் நம் மாணவர்கள் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீரே. 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளில், நிலைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் இப்பாடத்தை நடத்தலாம்.

அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு

1989 வரை நம் பகுதியோடு ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது இராணிப்பேட்டை. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1995-இல் ஆலை மூடப்பட்டது. ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. ஆலை நின்றாலும் மாசு நிற்பதில்லை என்பதே மாணவர் பெற வேண்டிய முதல் கருத்து.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. 1000 லிட்டர் தொட்டிக்கு இது எவ்வளவு என்று மாணவரையே கணக்கிடச் சொல்லுங்கள். 50 மில்லிகிராம், அதாவது இரண்டு மூன்று அரிசிமணிகளின் எடை! இவ்வளவு சிறிய அளவு நிறத்திலோ சுவையிலோ தெரியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாக ஆகச் செறிவு கூடவே செய்யும்.

கண்காணிப்பது எப்படி?

மாசுபட்ட இடத்தில் ஒரே கிணற்றைச் சோதித்தால் போதாது. நீரோட்டத்தின் மேற்புறம் ஒரு கண்காணிப்புக் கிணறும், கீழ்ப்புறம் பல கிணறுகளும் தேவை. மேற்புற நீர் ஒப்பீட்டுக்கு உதவும். குழாயில் தேங்கிய நீரை இறைத்து வெளியேற்றிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தினால்தான் மாசு எத்திசையில், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது தெரியும்.

சுத்திகரிப்பது எப்படி?

முதலில் கழிவை அகற்ற வேண்டும்; அல்லது மழைநீர் புகாதபடி மூட வேண்டும். பின்னர் மாசுபட்ட நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். +6 ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள குரோமியம் நீரில் எளிதில் கரையும், நச்சு மிக்கது. அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட் அதை +3 நிலைக்கு ஒடுக்கும். பிறகு காரத்தன்மையைச் சரிசெய்தால் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகப் பிரியும். 10ஆம் வகுப்பு மாணவருக்கு ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் பற்றிய நல்ல எடுத்துக்காட்டு இது.

செயல்பாடு

தேவையானவை: ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு, கழுவிய மணல், சில களிமண் கட்டிகள், ஐந்து ஸ்ட்ராக்கள், பஞ்சு, நீல மை, ஊசி இல்லாத புதிய சிரிஞ்ச், மெல்லிய குழாய்.

1. தட்டில் மணலையும் இடையிடையே களிமண் கட்டிகளையும் நிரப்பி, ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்துக.
2. அடியில் பஞ்சு வைத்த ஸ்ட்ராக்களைக் கிணறுகளாக நடுக. ஒன்று மேற்புறம், நான்கு கீழ்ப்புறம்.
3. முதல் கிணற்றுக்குச் சற்றுக் கீழே சில துளி மை விட்டு, மேட்டுப் பக்கத்திலிருந்து மழைபோல் நீர் தெளிக்க.
4. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் குழாய் பொருத்தி ஒவ்வொரு கிணற்று நீரையும் எடுத்து, நிறத்தை அட்டவணையில் குறிக்க.
5. மை தெரிந்த கிணற்றிலிருந்து திரும்பத் திரும்ப நீர் இறைத்து, நிறம் குறைவதைக் கவனிக்க.

சில துளி மைதான் விட்டோம். எத்தனை முறை இறைத்தும் மணலிலும் களிமண்ணிலும் ஒட்டிய மை சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஹிங்க்லி ஊரில் 1952 முதல் 1966 வரை குட்டைகளில் விடப்பட்ட குரோமிய நீரின் மாசை இன்னும் அகற்றி வருவதன் காரணம் அப்போது புரியும்.

விவாதம்

சுத்திகரிப்புச் செலவை யார் ஏற்பது? பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. ஆலை மூடப்பட்டு, பணம் கட்ட ஆளில்லாவிட்டால் என்ன செய்வது? இருபுறமும் வாதிட மாணவரை அனுமதியுங்கள்.

தொடர் பணி

பள்ளிக் கிணற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். நீர்மட்டம், நிறம், மணம், ஆய்வக முடிவு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதட்டும். ஐயத்துக்குரிய நீரை மாணவர் தொடவோ சுவைக்கவோ கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். நீரின் தன்மை மாறும் நாளில், முன்பு அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்தப் பதிவேடு ஒன்றுதான் இருக்கும்.