இருபத்து நான்கு என்னும் எண்

ஆதிபகவன் முதல் வர்த்தமானர் ஈறாகத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் திருநாமங்களை நம் இல்லத்துச் சிறுவர் மனனமாகச் சொல்வர். அவ்வெண்ணின் கணித இயல்புகளையும் அவர்கள் அறிதல் நன்று எனக் கருதி இப்பாடத்தை எழுதலானேன்.

முதற்கண் நம் தஞ்சைப் பகுதியின் நெற்களத்திற்குச் செல்வோம். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். எனவே இரண்டு கலம் நெல் என்பது 24 மரக்கால். அதனை இருவர், மூவர், நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் என எத்தொகையினர் சமமாகப் பங்கிட்டாலும் முழு மரக்காலாகவே அளந்து கொடுக்கலாம். 24-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு. இதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. தனக்கு முற்பட்ட எண்கள் யாவற்றினும் மிகுதியான காரணிகள் உடைய இத்தகைய எண்களைக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் ஆராய்ந்து, 1915-ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 எனச் செல்வது அவ்வரிசை.

இனி மற்றோர் இயல்பு. 3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணையும் வர்க்கமாக்கி, அதில் ஒன்றைக் கழித்தால், வருவதை 24 மீதியின்றி வகுக்கும். 5-இன் வர்க்கம் 25; ஒன்று கழிக்க 24. 7-க்கு 48, 11-க்கு 120, 13-க்கு 168.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்கத்தில் இதனைக் கரும்பலகையில் எழுதி, "பகா எண்ணைக் கண்டறியும் சோதனை இதுவே" என்று கூறிவிட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், 25-க்கும் சரியாக வருகிறதே?" என்றாள். 625-இல் ஒன்று கழிக்க 624. அது 24-இன் 26 மடங்கு. 25-ஓ பகா எண் அன்று. விடை தெரியாமையால், "பாடத்தில் இல்லாததைக் கேளாதே" என்று அவளை அமர்த்திவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து அமர்ந்து காரணத்தைத் தேடினேன்.

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்று குறைத்தால், அவ்வெண்ணின் முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கிய தொகை கிடைக்கும். எடுத்த எண் ஒற்றைப்படையாயின் அவ்விரண்டும் அடுத்தடுத்த இரட்டை எண்கள். அவற்றுள் ஒன்றை 4 வகுக்கும்; மற்றொன்றை 2 வகுக்கும். ஆகவே பெருக்குத்தொகையை 8 வகுக்கும். தொடர்ந்து வரும் மூன்று எண்களுள் ஒன்று 3-இன் மடங்காதல் வேண்டும். நடுவெண் 3-இன் மடங்கு இல்லையெனில், அண்டை எண்களுள் ஒன்று அவ்வாறாகும். 8-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாமையால் 24 அத்தொகையை மீதியின்றி வகுக்கிறது.

எண் ஒற்றைப்படையாய், 3-ஆல் வகுபடாததாய் இருந்தாலே போதும். பகா எண்ணாய் இருத்தல் வேண்டுவதில்லை. 25 அத்தகையதே. மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது பிழை; இவள் கேட்டதே சரி" என்று கூறி, இந்நிறுவலை எழுதினேன். எடுத்துக்காட்டு எத்தனை பொருந்தினும் காரணம் அறியாமல் விதி செய்தல் ஆகாது என்பதை அன்று நான் கற்றேன்.

சிறுவர்க்குப் பயிற்சி: 49-ஐ எடுத்துச் சோதித்துப் பாருங்கள். 9-க்கு இது பொருந்தாமை ஏன் என்பதையும் கூறுங்கள். விடையுடன் காரணத்தையும் எழுதுதல் வேண்டும். பெற்றோர் தாமே விடை கூறிவிடாது, குழந்தைகள் கேட்கும் வினாக்களைப் பொறுமையுடன் செவிமடுப்பாராக.